கலப்பை மாட்டிய கதையும் சாவி போன கதையும்

எங்கள் டிராக்டர் செட்டுக்குப் போன மாதம் ஒரு இரும்புச் சட்டம் வந்து இறங்கியிருக்கிறது. முக்கோணமாக இருக்கும். டிராக்டரின் பின்னால் அதைப் பூட்டிவிட்டால் கலப்பையோ ரொட்டவேட்டரோ விதைப்பு மெஷினோ, எதுவானாலும் டிரைவர் சீட்டை விட்டு இறங்காமலே மாட்டிவிடலாம். வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியது, லீவரைத் தூக்க வேண்டியது, டக்கென்று ஒரு சத்தம், முடிந்தது. செட்டில் இருக்கிற இளவட்டங்கள் என்னைக் கூப்பிட்டு வைத்துக் காட்டினார்கள். ஒருத்தன் செல்போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டினான். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"தாத்தா, உங்க காலத்துல எப்படி மாட்டுனீக? எழுதிக் குடுங்களேன், வாட்ஸ்அப்புல போடுவோம்" என்றான் இன்னொருத்தன்.

தாத்தாவாம். சரி, எழுதுகிறேன். நாங்கள் அப்படிக் கஷ்டப்பட்டோம், இப்படிக் கஷ்டப்பட்டோம் என்று மூக்கைச் சிந்துவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். இது பொறாமைக் கதை. என் தொழிலில் நான் அதிகமாகப் பட்டது பொறாமைதான். வெயில் எல்லாம் அப்புறம்.

என் பெயர் சுப்பையா. எம். புதுப்பட்டி என்கிற ஊருக்குப் பக்கத்தில் வாடகை டிராக்டர் செட்டு ஒன்றில் டிரைவராக இருந்து ஓய்ந்தவன். அதற்கு முன் லாரியில் கிளீனராக இருந்தேன், அடி வாங்கினேன், ஸ்டியரிங்கைத் தொட்டேன், லைசென்ஸ் எடுத்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா டிரைவருக்கும் அதே கதைதான்.

செட்டின் முதலாளி ஒரு அம்மாள். கணவர் தவறிய பிறகு அவர் விட்டுப்போன டிராக்டர்களை விற்காமல் தானே நடத்தினார். நாங்கள் முதலாளியம்மா என்போம். திட்ட மாட்டார். பாராட்டவும் மாட்டார். காலையில் வண்டிகள் கிளம்புவதற்கு முன் ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் எடுத்து வருவார். கலப்பையை மாட்டித் தூக்கி நிறுத்தியிருப்போம் இல்லையா, அதன் சட்டத்தின் மேல் அந்த டம்ளரை வைப்பார். கலப்பை சமமாக மாட்டியிருந்தால் தண்ணீர் நிற்கும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சிந்தும். சிந்தினால் மிச்சத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுப் பேசாமல் போய்விடுவார். கழற்றி மறுபடி மாட்டு என்று அர்த்தம். சிந்தாவிட்டால் அந்தத் தண்ணீரை அங்கேயே நின்று குடிப்பார். அவ்வளவுதான் அவர் பாராட்டு. சிரிக்காதீர்கள். அந்த ஒரு மடக்குக்காக நாங்கள் செத்துச் செத்துப் பிழைத்தோம்.

கலப்பை மாட்டுவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு இரும்புக் கை இருக்கும், இடது ஒன்று, வலது ஒன்று. மேலே நடுவில் ஒன்று, அதை டாப் லிங்க் என்போம். கலப்பையிலும் அதற்குத் தோதாக மூன்று இடம் இருக்கும். மூன்றையும் சேர்த்து இரும்பு ஆணி இறக்க வேண்டும், அதைத்தான் பின் போடுவது என்போம். முதலில் இடது கை. ஏனென்றால் அதை ஏற்றி இறக்க முடியாது, வண்டிதான் அதற்கு ஒத்து வர வேண்டும். அடுத்து வலது கை. அதில் ஒரு கைப்பிடி உண்டு, சுற்றினால் ஏறும், இறங்கும். கடைசியாக டாப் லிங்க். இந்த வரிசையை மாற்றினால் நாள் பூராவும் மாட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஓட்டையும் ஓட்டையும் நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு விரல் தள்ளி நின்றாலும் பின் இறங்காது. அதற்குக் கீழே ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல, மேலே ஒருவர் வண்டியை எடுக்க வேண்டும். ஒற்றை ஆளாக மாட்டினால் பின்னால் எடு, இறங்கு, பார், ஏறு, முன்னால் எடு, இறங்கு என்று இடுப்பு கழன்றுவிடும்.

கூட ஆள் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். எங்கே ஆள்? விடிவதற்குள் பட்டாசுக் கம்பெனி வேன் ஊருக்குள் வந்துவிடும். கை கால் திடமாக இருக்கிற அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். நிழலில் உட்கார்ந்து வேலை, போனஸ் வேறு. புழுதியில் நின்று என் கலப்பைக்குப் பின் போட எவன் வருவான்? எனக்கு ஒத்தாசைக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேன் ஏறினார்கள். கடைசியில் என் வீட்டுக்காரி பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் நான் சீட்டில் இருப்பேன், அவள் கீழே நின்று பின் போடுவாள். சுத்தியல் தவறி அவள் பெருவிரலில் விழுந்து நகம் கறுத்துப்போனது. மறுநாள் காலையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீங்க இறங்குங்க, நான் ஏறுறேன்" என்றாள்.

"ஏறி?"

"ஏறி என்ன, கிளச்சை மிதிச்சு மிதிச்சு விடணும், அம்புட்டுத்தானே? சுத்தியல் பிடிக்கிறதுக்கு உங்க கை தேவலை."

ஏறினாள். நான் கீழே நின்று வா, வா என்றேன். முதல் நாள் கலப்பையை இடித்துத் தள்ளினாள். பத்து நாள் போனதும் பழகிவிட்டது. நான் ஒரு கட்டை என்றால் ஒரு பெருவிரல் அளவு வரும். அரை விரல் என்றால் அரை விரல்தான் வரும். ஒரு நூல் என்றால், சத்தியமாகச் சொல்கிறேன், தச்சன் கணக்கில் ஒரு நூல்தான் அந்த வண்டி நகரும். நான் பின்னைத் தட்டி இறக்குவேன். செட்டிலேயே எங்கள் கலப்பைதான் முதலில் மாட்டி நிற்கும். முதலாளியம்மா வருவதற்குள் அவள் இறங்கி ஓரமாக நின்றுகொள்வாள், நான் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். டம்ளரை வைப்பார். சிந்தாது. குடிப்பார். சுப்பையா மாதிரி கலப்பை மாட்ட ஆள் இல்லை என்று சுற்று வட்டாரம் பூராவும் பேச்சு. வண்டியைப் பின்னால் எடுப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால்தானே சொல்ல முடியும்?

அப்புறம் அவளும் வேன் ஏறிவிட்டாள். பிள்ளை படிப்பு, பள்ளிக்கூடச் செலவு என்று காரணம் சொன்னாள். காரணம் சரிதான். நான்தான் அனாதையாக நின்றேன். ஏறி இறங்கி, ஏறி இறங்கி மாட்டுவேன். அவசரத்தில் ஒரு பக்கம் தாழ்ந்துவிடும். முதலாளியம்மா டம்ளரை வைப்பார், சிந்தும், ஊற்றுவார், போவார். என் கண் முன்னால் என் தண்ணீர் மண்ணில் போகும்.

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தான் காதர்.

காதர் மைதீன் திருத்தங்கல்காரன். அங்கே அச்சாபீஸில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். புது மெஷின் வந்து ஆளைக் குறைத்ததில் வெளியே வந்து, எங்கள் செட்டில் டிரைவராகச் சேர்ந்தான். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, வாய் நிறைய அண்ணே. உழவைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? கரிசல் மண்ணுக்கும் செம்மண்ணுக்கும் வித்தியாசம் கேட்டால் கலர் என்பான். இவன் ஒரு வாரம் தாங்க மாட்டான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் செட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தேன்.

வந்த சில நாளிலேயே அச்சாபீஸில் கழித்துப் போட்ட பழைய ரோலர்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். செட்டின் சிமெண்டுத் தரையில் அவற்றைப் பரப்பி, மேலே ஒரு கனத்த பலகையைப் போட்டு, பலகையின் மேல் கலப்பையை இறக்கி வைத்தான். இரண்டு ஆள் கடப்பாறை போட்டு நெம்ப வேண்டிய கலப்பை, அவன் தொடையால் ஒரு தள்ளுத் தள்ளினால் இடது பக்கமும் வலது பக்கமும் ஊஞ்சல் மாதிரி நகர்ந்தது. அது போதாதென்று சிவப்புப் பெயிண்டு வாங்கிக் கலப்பையின் தலையில் ஒரு கூட்டல் குறி, டிராக்டரின் பின்பக்கத் தகரத்தில் ஒரு கூட்டல் குறி.

"இது என்னலே, கலப்பைக்குப் பொட்டு வைக்கியா?" என்று கேட்டேன்.

"காலண்டர் அடிக்கும்போது நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும்ணே. அதுக்குத் தாள் ஓரத்துல இப்படி ஒரு குறி போடுவோம். குறி மேல குறி உக்காந்தா படம் சரியா விழும். ஒரு நூல் விலகுனா சாமிக்கு ரெண்டு மூக்கு வந்துரும்" என்று சிரித்தான்.

சீட்டில் திரும்பி உட்கார்ந்து குறியின் மேல் குறி சேருகிற வரை பின்னால் எடுப்பான். நிறுத்துவான். இறங்குவான். பக்கவாட்டில் ஏதாவது விலகியிருந்தால் தொடையால் ஒரு தள்ளு. பின், பின், பின். ஒற்றை ஆள். வேர்வை கிடையாது. வெள்ளைச் சட்டையில் கறை கிடையாது.

முதலாளியம்மா டம்ளரை வைத்தார். தண்ணீர் அசையவில்லை. எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு நாளும் டம்ளரைக் கையில் கொடுத்ததில்லை. இதை நான் மறக்கவே இல்லை.

அன்று முதல் எனக்குத் தூக்கம் போனது. அந்த ரோலர் உருண்டு அவன் காலில் விழக்கூடாதா என்று நினைப்பேன். உடனே, சே, காலில் வேண்டாம், பிள்ளைக்குட்டிக்காரன், காலுக்குப் பக்கத்தில் விழட்டும் என்று மாற்றிக்கொள்வேன். "அண்ணே, உங்களுக்கும் ஒரு செட்டு ரோலர் கொண்டாரட்டா?" என்று அவன் கேட்டபோது, "என் கை என்ன பூப்பறிக்கவா போயிருக்கு?" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மறுபடி ஏறி இறங்கினேன்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? கம்பெனி வேனில் இருந்து இறங்கும்போதே இவள் ஆரம்பித்துவிடுவாள்.

"காதர் அண்ணன் ஒத்தையாளா மாட்டுறாகளாமே. வேன்ல பூராம் அதே பேச்சு. நீங்களும் அது மாதிரி ரோலர் போட்டா என்ன?"

"சோத்தைப் போடு."

"பெயிண்டாச்சும் அடிக்கலாம்லா?"

"சோத்தைப் போடுங்கேன்."

இந்த நிலையில்தான் முதலாளியம்மா அந்தச் செய்தியைச் சொன்னார். தை மாதம் புது டிராக்டர் வாங்கப் போகிறாராம். பெரிய வண்டி. பவர் ஸ்டியரிங், தலைக்கு மேல் கூரை, நல்ல சீட்டு. "யார் ஏறுறதுன்னு பாத்துச் சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. ஆனால் காதர் தலையை வாரிக்கொண்டதை நான் பார்த்தேன். அத்தனை வருஷம் தகரச் சீட்டில் உட்கார்ந்து முதுகெலும்பு தேய்ந்தவன் நான். மல்லுக்கட்டித் திருப்பினால்தான் திரும்பும் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தோள்பட்டை இறங்கியவன் நான். அந்த வண்டி எனக்கு வர வேண்டும். நேற்று வந்த அச்சாபீஸ்காரனுக்குப் போனால் நான் ஊருக்குள் எப்படி நடப்பேன்? வேறு எதையும் நான் கடவுளிடம் அந்த வருஷம் கேட்கவில்லை.

ஐப்பசி மழை விழுந்தது. எங்கள் பக்கத்தில் மழை விழுந்தால் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கும். பட்டாசு காய வெயில் இருக்காது, கம்பெனி வேன் வராது, ஜனங்கள் வீட்டில் இருப்பார்கள். அதே நாளில் கரிசல் காடு விதைப்புக்குப் பதமாகும். அந்தப் பதம் மூன்று நான்கு நாளுக்கு மேல் நிற்காது. மறுபடி மழை வந்தால் உளைச் சேறு, வெயில் அடித்தால் கட்டி. முதலாளியம்மாவின் சொந்தக் காட்டில் மக்காச்சோளம் விதைக்க வேண்டும். வேன் வராததால் பேச்சியும் விதைப் பெட்டியில் விதை போட்டுக் கொடுக்க வந்திருந்தாள்.

விதைப்பு மெஷினை முந்தின நாள் அங்கேயே ஓரத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். இரவு மழையில் அதன் ஒரு பக்கக் கால் மண்ணுக்குள் இறங்கி, மெஷினே கோணிக்கொண்டு நின்றது. காதர்தான் மாட்ட வேண்டும் என்று முதலாளியம்மாவின் உத்தரவு. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். மேற்கே மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

காதர் மெஷின் தலையிலும் போட்டு வைத்திருந்த சிவப்புக் குறியின் மேல் வண்டிக் குறியைச் சேர்த்தான். சேர்ந்தது. ஆனால் கோணி நிற்கிற மெஷினுக்குக் குறி சேர்ந்து என்ன செய்ய? பலகையையும் ரோலரையும் கொண்டு வந்திருந்தான். மெஷினை நெம்பி அடியில் கொடுத்தான். கரிசல் மண் ரோலரை அப்படியே விழுங்கிவிட்டது. தோண்டி எடுத்தான். மறுபடி வைத்தான். மறுபடி போனது. முன்னால் போய்ப் பின்னால் வந்ததில் டிராக்டர் சக்கரம் சேற்றை உருட்டி உருட்டிக் காட்டையே மிதித்துத் துவைத்தது. வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. எனக்கு உள்ளுக்குள் தீபாவளி. நாலு கலரும் ஒன்றாக உட்கார்ந்த சந்தோஷம்.

"நவுருலே காதரு, நான் மாட்டுறேன்" என்றேன்.

"முடியுமாண்ணே? மண்ணு உள்ள வாங்குது."

"நவுருங்கேன்ல."

அவன் வண்டியை எடுத்தான். நான் என் வண்டியைக் கொண்டு வந்து மெஷினுக்கு முன்னால் நிறுத்தினேன். சுத்தியலையும் கடப்பாறையையும் எடுத்துக்கொண்டு குதித்தேன். குதித்த வாக்கில், பழைய பழக்கம், யோசிக்கவே இல்லை, விதைப் பெட்டிப் பக்கம் நின்ற பேச்சியைப் பார்த்து "ஏறு" என்றேன். அவளும் யோசிக்கவில்லை. கையில் இருந்த விதையைப் பெட்டியில் உதறிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். முதலாளியம்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

"வா... வா... ஒரு கட்டை... நில்லு. அரை விரல்... ஒரு நூல்... நில்லு நில்லு."

இடது பின் இறங்கிவிட்டது. வலது பக்கம்தான் சிக்கல். கைப்பிடியைச் சுற்றி வலது கையை மெஷின் கிடக்கிற தாழ்வுக்கு இறக்கினேன். உயரம் சரியாக வந்தது. ஆனால் ஓட்டைக்கு எட்டவில்லை, ஒரு கட்டை இடைவெளி. வண்டியை அப்படியே பின்னால் எடுத்தால் இடது பக்கம் முட்டும். கடப்பாறையைப் போட்டு மெஷினை நெம்பினேன். மண் விடவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது. காதர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் என் சந்தோஷம் போய் உட்கார்ந்துகொண்டது மாதிரி எனக்குப் பட்டது.

அப்போது வண்டி தானாக அசைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இதைத் தெளிவாக எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் இழுத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. டிராக்டருக்கு இரண்டு பிரேக் உண்டு, இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. அவள் இடது பிரேக்கை மட்டும் மிதித்துப் பிடித்துக்கொண்டு கிளச்சை லேசாக விட்டாள். இடது சக்கரம் நட்டு வைத்தது போல நின்றது. வலது சக்கரம் மட்டும் பின்னால் உருண்டது. வலது கை வந்து ஓட்டைக்கு நேராக நின்றது. பின்னைத் தட்டினேன், வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. டாப் லிங்க்கை மாட்டினேன். கைப்பிடியைத் திருப்பிச் சுற்றி மட்டம் பார்த்தேன். "தூக்கு" என்றேன். லீவரைத் தூக்கினாள். மெஷின் சேற்றை உதறிக்கொண்டு எழுந்து நின்றது.

முதலாளியம்மா வரப்பை விட்டு இறங்கிச் சேற்றில் நடந்து வந்தார். அங்கேயும் அந்த டம்ளர். கூஜாவில் இருந்து தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி மெஷினின் மேல் வைத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"ஏலே சுப்பையா, எம்புட்டு நாளா இவ பின்னால எடுக்கா?"

"அது எப்பவாச்சும்மா. கை ஒத்தாசைக்கு."

"ஒத்தைப் பிரேக்கு நீ சொல்லிக் குடுத்தியா?"

நான் மேகத்தைப் பார்த்தேன். காதர், "மதினியா!" என்று வாயைப் பிளந்தான். முதலாளியம்மா டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை. சீட்டுக்கு நேரே நீட்டி, "இந்தா பேச்சி, குடி" என்றார். அவள் மடமடவென்று குடித்துவிட்டாள்.

தாகமாக இருக்கும் என்று கொடுத்திருப்பார், பொம்பளைக்குப் பொம்பளை, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழைக்குள் விதைத்து முடித்தோம். காதரின் ரோலர் தோற்றது, நான் மாட்டினேன், வண்டி எனக்குத்தான் என்று தை மாதம் வரை நன்றாகத் தூங்கினேன். வீட்டில் மட்டும், "அந்த ஒத்தைப் பிரேக்கு எப்படிளா தெரியும்?" என்று ஒரு தடவை கேட்டேன். "நீங்க இறங்கிக் கடப்பாறை போடுறவரைக்கும் சீட்டுல சும்மாத்தானே இருப்பேன். ஒவ்வொண்ணா மிதிச்சுப் பாத்தேன்" என்றாள்.

இடையில் முதலாளியம்மா அவளைக் கூட்டிக்கொண்டு சில தடவை விருதுநகர் போனார். ஜவுளி எடுக்க என்று சொன்னார்கள். எடுத்த ஜவுளி எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள், அவ்வளவுதான் என் கூறு.

தை பிறந்து புது வண்டி வந்தது. சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். நான் பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தேன். காதர் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வந்திருந்தான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் நின்றோம். தட்டில் இருந்த சாவியை முதலாளியம்மா எடுத்தார்.

"பேச்சி, வாத்தா."

கூட்டத்தின் பின்னால் இருந்து அவள் வந்தாள். சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முதலாளியம்மா என்னைப் பார்த்து, "லைசென்ஸ் எடுத்தாச்சு. எட்டுப் போடச் சொன்னாக, போட்டா. வேற என்ன வேணும்?" என்று கேட்டார். எனக்கு வேறு என்ன வேண்டும்? அந்தச் சாவி வேண்டும்.

"ஒரே உலையிலதான சோறு பொங்குது, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அன்று ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்தேன்.

"சொன்னா போக விட்டிருப்பீகளா?" என்றாள்.

தட்டை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் டீக்கடையில் காதர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதற்கு முன் நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. "உங்களுக்குப் போயிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்ணே" என்றான். "உனக்குப் போயிருந்தா எனக்கு ஆறியிருக்காது" என்று உள்ளதைச் சொன்னேன். அவன் சிரித்தான். அன்றைய டீக்கு அவன்தான் காசு கொடுத்தான். அவன் மேல் இருந்த பொறாமை அதோடு போய்விட்டது. போய் எங்கே இறங்கியது என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் கலப்பையில் ஒன்றுமே மாறவில்லை. அவள் சீட்டில், நான் கீழே, சுத்தியல் என் கையில். காதரிடம் ரோலரும் வாங்கிக்கொண்டாள், சிவப்புக் குறியும் போட்டுக்கொண்டாள். செட்டில் அவன் வித்தை, காட்டில் ஒற்றைப் பிரேக். காலையில் முதலாளியம்மா வருவார், டம்ளரை வைப்பார், குடிப்பார், அவள் கையில் கொடுப்பார். நான் பின்கள் இருக்கிற பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பேன். பவர் ஸ்டியரிங்கை அவள் ஒரு விரலால் திருப்புவாள். நான் பார்க்க வேண்டும் என்றே ஒரு விரலால் திருப்புவாள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவள் கம்பெனிக்குப் போன நாட்களில் எங்காவது தூரத்தில் டமார் என்று ஒரு சத்தம் கேட்டால் நான் வண்டியை அணைத்துவிட்டு எந்தத் திசையில் புகை என்று பார்ப்பேன். காட்டில் இருக்கிற எல்லோருமே அப்படித்தான் நிற்போம். சாவி வாங்கிய அன்றோடு அவள் வேன் ஏறுவதை நிறுத்தினாள். அதற்காக முதலாளியம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுவேன். கும்பிட்டுவிட்டு மறுபடி எரிவேன். இரண்டும் ஒரே வயிற்றில்தான் கிடந்தன.

அடுத்த வருஷ விதைப்புக்கு ஒரு நாள் விடியற்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். காடு வைத்து விவசாயம் பார்க்கிற பக்கத்து ஊர்ச் சம்சாரி ஒருத்தர், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார்.

"டிரைவர் வீடு இதுதானே?"

"ஆமா, வாங்க. உக்காருங்க."

"டிரைவர் இருக்காகளா? மண்ணு ஈரம் காயுறதுக்குள்ள வரணும்."

"நான்தான் டிரைவர். சொல்லுங்க, எந்தக் காடு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இல்லண்ணே, நான் டிரைவரம்மாவைக் கேட்டேன்."

கதவை விட்டு விலகி நின்றேன். உள்ளே அவள் தலையை முடிந்துகொண்டிருந்தாள்.

"ஏளா, உன்னைத்தான் தேடி வந்திருக்காக" என்று கூப்பிட்டேன். என் வாயாலேயே கூப்பிட்டேன்.